ஒரு குப்பியில் நாலு பெயர்: பிரித்தலும் கலத்தலும் குறித்துச் சில குறிப்புகள்

1

வடசென்னையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு ஜிம்மில்தான் அந்தக் குப்பியை முதன்முதலாகப் பார்த்தேன். ஜிம் என்றால் இன்றைக்கு இருக்கிற ஏசி, கண்ணாடிச் சுவர் சமாச்சாரமெல்லாம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, துருவேறிய இரும்புத் தட்டுகள், சுவரில் அனுமார் படமும் அர்னால்ட் படமும் பக்கத்தில் பக்கத்தில். மாசம் ஐம்பது ரூபாய். மூட்டை தூக்குகிறவர்கள், வெல்டிங் பட்டறைப் பையன்கள், போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதற்காக மார்பளவு ஏற்ற வருகிறவர்கள் என்று ஒரு கூட்டம். நான் முதுகுவலிக்காகப் போனவன்.

ஒருநாள் சாயந்திரம், மாவட்ட ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு தம்பி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினான். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத சரக்கு. சீட்டு இல்லாமல்தான் வாங்கி வந்திருந்தான். சஸ்டனான் 250. நான் வாங்கி லேபிளைப் படித்தேன். டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியோனேட் 30 மில்லிகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஃபினைல்புரோப்பியோனேட் 60, டெஸ்டோஸ்டிரோன் ஐசோகேப்ரோயேட் 60, டெஸ்டோஸ்டிரோன் டெக்கனோயேட் 100. கூட்டினால் 250. இவ்வளவும் கரைந்திருப்பது கடலை எண்ணெயில்.

“இன்னா மாஸ்டர், நாலு பேரு போட்டிருக்கு?” என்றேன்.

“நாலும் சேந்தாதான் சார் பவரு. ஒண்ணு ஒடனே புடிக்கும், ஒண்ணு மெதுவாப் புடிக்கும். ஒண்ணு சைஸுக்கு, ஒண்ணு கட்டிங்குக்கு.”

தம்பிக்கு வேறொரு சந்தேகம். “மாஸ்டர், இதுல பொம்பள சமாச்சாரம் எதுவும் வராதில்ல?” எல்லோரும் சிரித்தார்கள். ஆம்பள ஊசியில் பொம்பள சமாச்சாரம் எப்படி வரும்?

ஆறு மாதம் கழித்து அந்தத் தம்பி ஜிம்முக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஒருமுறை மார்க்கெட்டில் பார்த்தபோது தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு தோளைக் குறுக்கி நடந்தான். மார்புக் காம்புக்கு அடியில் கட்டிபோல் வீங்கியிருந்தது. யாரிடமும் காட்டவில்லை. ஆம்பளையாவதற்குப் போட்ட ஊசி தனக்கு முலை கொடுத்துவிட்டது என்பதை எந்த ஆஸ்பத்திரியில் போய் எப்படிச் சொல்வது?

அவனுடைய கேள்வியும் மாஸ்டருடைய பதிலும் எனக்குள் ரொம்பநாள் கிடந்தன. அதற்குப் பிறகு படித்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது இது: இந்த மருந்தின் நூற்றுச் சொச்சம் வருஷ வரலாறு முழுக்க இரண்டே இரண்டு காரியங்கள்தாம். ஒன்று பிரிப்பது, இன்னொன்று சேர்ப்பது. எதைப் பிரிக்க முடிந்தது, எதைப் பிரிக்க முடியவில்லை, பிரிக்க முடியாததைப் பிரித்தாயிற்று என்று சொல்லி யார் உடம்பில் ஏற்றினார்கள் என்பதைக் கேட்டால் இது வேதியியலின் வரலாறாக மட்டும் இருக்காது. அதிகாரத்தின் வரலாறாகவும் ஆகிவிடும்.

2

முதலில் தண்ணீர். 1889இல் பாரிஸில் பிரௌன்-செக்கார் என்ற உடலியல் அறிஞர், வயது 72, தன் சகாக்கள் கூடிய சபையில் ஒரு செய்தி சொன்னார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கித் தண்ணீரில் கலந்து வடிகட்டித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதாகவும், இழந்த பலம் திரும்பிவிட்டதாகவும். செய்தி பரவி, ‘இளமை ரசம்’ வியாபாரம் உலகெங்கும் சூடுபிடித்தது. இதில் ஒரு சின்ன வேடிக்கை. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பின் ஜாதி. தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அந்த வடிநீரில் அது இருந்திருந்தால் ஒரு துளிக்கும் கீழேதான் இருந்திருக்கும். கிழவருக்குப் பலம் கொடுத்தது அவருடைய நம்பிக்கை. ஆகவே ஆண்சத்தின் முதல் கரைசலில் ஆண்சத்து இல்லை. இருந்தது ஆண்மை பற்றிய ஒரு கதையாடல் மட்டும்.

கதையைப் பொருளாக்க நாற்பது வருஷம் ஆயிற்று. 1927இல் சிகாகோவில் ஃபிரெட் கோக்கும் அவருடைய மாணவர் மெக்கீயும் இறைச்சித் தொழிற்சாலைகளிலிருந்து வந்த காளை விரைகள் 40 பவுண்டை எடுத்து, தண்ணீரை விட்டுவிட்டுக் கொழுப்பு கரைக்கும் திரவங்களால் பிரித்து, 20 மில்லிகிராம் சாறு எடுத்தார்கள். கொண்டை சுருங்கிப்போன காயடித்த சேவலுக்கு அதைப் போட்டார்கள், கொண்டை சிவந்து நிமிர்ந்தது. 1931இல் ஜெர்மனியில் புட்டநாண்ட் பெர்லின் போலீஸ்காரர்களின் சிறுநீரைச் சேகரித்தார். 15,000 லிட்டர். கிடைத்தது 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன். ஆண்மையைத் தேடிப்போன விஞ்ஞானம் போலீஸ் லாயத்தின் மூத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது எதேச்சையாக இருக்கலாம். மொத்தமாகக் கிடைக்கக்கூடிய, வரிசையில் நிற்கப் பழகிய ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள்.

1935 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்குவரின் குழு 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் படிகம் பிரித்து அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தது. லாக்குவர் ஆர்கனான் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் கம்பெனி 1923இல் நெதர்லாந்தின் ஓஸ் என்ற ஊரில் ஓர் இறைச்சி முதலாளியின் தொழிற்சாலையை ஒட்டிப் பிறந்தது. கசாப்புக் கழிவில் காசு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. அதே 1935இல் சில மாதங்களுக்குள் புட்டநாண்டும், சுவிட்சர்லாந்தில் ருஷிச்காவும், தனித்தனியே, கொலஸ்டிராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். முன்னவர் பின்னால் ஷெரிங் கம்பெனி, பின்னவர் பின்னால் சீபா. இருவருக்கும் 1939இல் நோபல் பரிசு. நாஜி அரசு புட்டநாண்டை வாங்கவிடவில்லை. போர் முடிந்து 1949இல்தான் வாங்கினார்.

மூன்று ஆய்வுக்கூடம், மூன்று கம்பெனி, ஒரே வருஷம். ‘தூய அறிவு’ என்ற பேச்சை இந்த இடத்தில் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம்.

ஆனால் அதற்கு ஒரு வருஷம் முந்தியே, 1934இல், பெர்ன்ஹார்டு சோண்டெக் ஒரு சங்கடமான விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். ‘பெண் ஹார்மோன்’ என்று சொல்லப்பட்ட ஈஸ்ட்ரோஜன் பொலிகுதிரையின் மூத்திரத்தில் ஏராளமாக இருந்தது. காயடிக்காத, முழு ஆண் குதிரை. ஆண் ஹார்மோன் ஆணுக்கு, பெண் ஹார்மோன் பெண்ணுக்கு என்ற இருமை எதிர்வு, டெஸ்டோஸ்டிரோனுக்குப் பெயர் வைக்கும் முன்பே உடைந்துபோயிற்று. காரணம் பிற்பாடு விளங்கியது. உடம்பில் உள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஒன்று இன்னொன்றின் மூலப்பொருள். நெல்லி ஊட்ஷூர்ன் 1994இல் வெளிவந்த தன் நூலில், பாலியல் ஹார்மோன்கள் இயற்கையில் கிடந்து பொறுக்கி எடுக்கப்பட்டவை அல்ல, ஆய்வுக்கூடமும் கம்பெனியும் மருத்துவமும் சேர்ந்து உருவாக்கியவை என்று வாதிட்டார். உருவாக்கியவர்கள் பெயர் மாற்றத் தயாராக இல்லை. பெயர்தானே விற்கிறது.

அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் 1934இலேயே குதிரை லாயத்தில் இருந்தது. எண்பது வருஷத்துக்கு மேலாகியும் அது அவன் தெருவுக்கு வந்து சேரவில்லை.

3

செயற்கையாகச் செய்ய முடிந்தது, சரி. மலிவாகச் செய்ய முடியவில்லை. மூலப்பொருள் வேண்டும். இங்கேதான் கதை மெக்சிகோவுக்குப் போகிறது.

அமெரிக்க வேதியியலாளர் ரசல் மார்க்கர், சில தாவரங்களில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளின் பக்கச் சங்கிலியை வெட்டி எடுத்துவிட்டால் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் செய்யலாம் என்று கண்டுபிடித்தார். 1942இல் வேராகுரூஸ் பக்கம் போய் ஒரு காட்டுக் கிழங்கைக் கொண்டுவந்தார். நம் ஊர் பெருவள்ளிக் கிழங்கின் சொந்தக்காரக் கிழங்குதான் அது. 1944இல் மெக்சிகோ நகரத்தில் சின்டெக்ஸ் கம்பெனி தொடங்கியது. மார்க்கர் அடுத்த வருஷமே சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார். கம்பெனி நின்றது. அவருடைய வழியிலேயே டெஸ்டோஸ்டிரோனும் அங்கே செய்யப்பட்டது. அதுவரை ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்த விலை சரிந்தது.

பார்பாஸ்கோ என்ற இன்னொரு கிழங்கு இன்னும் அதிகச் சத்துத் தருவதாகத் தெரிந்ததும், தெற்கு மெக்சிகோவின் குடியானவர்கள் காட்டுக்குள் போய் அதைத் தோண்டினார்கள். கிலோவுக்குச் சில காசு. இடைத்தரகன் வாங்கி, காயவைத்து, கம்பெனிக்கு விற்பான். தாங்கள் தோண்டுவது எதற்குப் போகிறது என்று தோண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 1975இல் மெக்சிகோ அரசு புரோகிவெமெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கி இடைத்தரகைக் கையில் எடுக்கப் பார்த்தது. அதற்குள் கம்பெனிகள் சோயா போன்ற வேறு மூலப்பொருள்களுக்குத் தாவிவிட்டன. கிழங்கு தோண்டியவன் கையில் மண் மிச்சம்.

காளை விரை, போலீஸ் மூத்திரம், காட்டுக் கிழங்கு, சோயா. பிரித்தெடுக்கும் நுட்பம் வளர வளர, எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளம் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தது. பண்டம் தன் பிறப்பை மறைக்கும் என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குப்பிக்குள் இருக்கிற திரவம் தெள்ளத்தெளிவாக இருக்கிறது.

4

இனி சேர்த்தல். டெஸ்டோஸ்டிரோனை வாயால் விழுங்கினால் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போய் அங்கேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். ஊசியாகப் போட்டாலும் சீக்கிரம் வெளியேறிவிடும். ஆகவே வேதியியலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மூலக்கூறின் ஒரு முனையில் ஒரு கொழுப்பு அமிலத்தை வால்போல ஒட்டினார்கள். இப்படி ஒட்டியதற்கு எஸ்டர் என்று பெயர். வால் ஒட்டியதும் அது எண்ணெயில் நன்றாகக் கரைகிறது. தசையில் போட்டால் எண்ணெய்ப் பொட்டணமாகத் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ரத்தத்துக்கு வந்ததும் உடம்பின் நொதிகள் வாலை வெட்டிவிடுகின்றன. மிஞ்சுவது டெஸ்டோஸ்டிரோன். 1930களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த புரோப்பியோனேட்டுக்குக் குட்டை வால், இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். டெக்கனோயேட்டுக்கு நீள வால், வாரக்கணக்கில் கசியும்.

இப்போது மாஸ்டரின் பதிலுக்குத் திரும்பலாம். “ஒண்ணு ஒடனே புடிக்கும், ஒண்ணு மெதுவாப் புடிக்கும்” என்றாரே, அது நூற்றுக்கு நூறு சரி. விரை சுரக்காதவர்களுக்கு, நாலைந்து நாளைக்கு ஒருமுறை ஊசி குத்தாமல் சில வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பதற்காகத்தான் நாலு வால்களைக் கலந்தார்கள். நோயாளிக்கு அது உதவி, சந்தேகமில்லை. ஆனால் “ஒண்ணு சைஸுக்கு, ஒண்ணு கட்டிங்குக்கு” என்றாரே, அது தவறு. வால் போனபிறகு நாலும் ஒன்றுதான். தசைக்கு வாலின் பெயர் தெரியாது. நாலு பெயர் என்பது ஒரு கால அட்டவணை, அவ்வளவே. நாலு மருந்து இல்லை.

நாம் சேர்க்கிறோம், உடம்பு பிரித்துப் போடுகிறது. ஜிம் உலகத்தில் புழங்குகிற ‘கலவை’ மோகம் முழுக்க இந்த எளிய விஷயத்தை மறைப்பதில் நிற்கிறது. பெயர் கூடக்கூட விலை கூடும், மரியாதை கூடும், எதை எதோடு சேர்ப்பது என்று ‘தெரிந்தவனுக்கு’ ஒரு குருபீடம் கிடைக்கும். நம் ஊர் லேகிய வைத்தியர் சரக்குகளின் பெயரை அடுக்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லேகியக்காரர் பாவம், காளை விரைக்குப் போகவில்லை.

உடம்பு இன்னொன்றும் செய்கிறது. வெளியிலிருந்து சரக்கு வர ஆரம்பித்ததும் மூளை உள்ளூர்த் தொழிற்சாலைக்குக் கதவடைப்பு அறிவித்துவிடுகிறது. விரை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தினால் திரும்ப வேலை தொடங்க மாதங்கள் ஆகலாம், சிலருக்கு இன்னும் அதிகம். ஆண்மையைக் கூட்டப்போனவன் தன் சொந்த ஆண்சுரப்பை மூடிவிட்டு வாடகைக்கு வாங்குகிறான்.

5

இந்த வரலாற்றின் பெரிய கனவு இனிதான் வருகிறது. 1935இல் ரோசெஸ்டரில் சார்லஸ் கோச்சாகியன் காயடித்த நாய்களுக்கு ஆண் ஹார்மோன் சாற்றைப் போட்டுப் பார்த்தபோது, உடம்பு நைட்ரஜனைத் தேக்கி வைப்பதைக் கண்டார். அதாவது புரதம் சேருகிறது, தசை கட்டுகிறது. அப்படியானால் இந்த ஹார்மோனுக்கு இரண்டு குணம். தசை வளர்க்கும் குணம் ஒன்று, மீசை முளைப்பது, குரல் உடைவது போன்ற ஆணாக்கும் குணம் இன்னொன்று. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை வெட்டிவிட்டால்? தீக்காயம் பட்ட பெண்ணுக்கு, நலிந்த குழந்தைக்கு, மீசை முளைக்காமல் தசை மட்டும் கொடுக்கலாமே. நியாயமான ஆசைதான்.

கம்பெனிகள் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்து பார்த்தன. சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் ஓர் எலிச் சோதனை நிலைபெற்றது. காயடித்த ஆண் எலிக்கு மருந்து கொடுத்து, ஆசனவாயை ஒட்டிய ஒரு தசையின் எடை எவ்வளவு ஏறுகிறது, புரோஸ்டேட் போன்ற பாலியல் உறுப்புகளின் எடை எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டையும் நிறுத்து விகிதம் போடுவது. விகிதம் பெரிதாக இருந்தால் ‘தசை மட்டும் வளர்க்கும்’ மருந்து. இன்றைக்கும் ஜிம்களில் சாமி நாமம்போல ஒப்பிக்கிற எண்கள் இந்த எலியிலிருந்து வந்தவை.

எலியின் அந்தத் தசை எது? ஆண்குறியின் இயக்கத்தோடு சம்பந்தப்பட்டது. வளர்ந்த பெண் எலியில் அது அநேகமாக இருக்காது. அதாவது ‘ஆண்மை கலக்காத தசை’யை அளக்க அவர்கள் தேர்ந்தெடுத்ததே ஆணுக்கு மட்டும் உரிய தசை. நம் கையிலும் தொடையிலும் உள்ள தசைக்கு அது சாட்சி சொல்ல முடியாது. இதைவிட அடிப்படையான விஷயம் பிறகு தெரிந்தது. இந்த ஹார்மோன்கள் போய் உட்காருகிற ஏற்பி ஒன்றே ஒன்றுதான். 1988இல் அதன் மரபணுவையே படியெடுத்துவிட்டார்கள். தசையிலும் அதே ஏற்பி, குரல்வளையிலும் அதே ஏற்பி, மயிர்க்காலிலும் அதே ஏற்பி. சில திசுக்கள் ஹார்மோனைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். முழுசாகப் பிரிக்க இன்றுவரை எந்த ஸ்டீராய்டாலும் முடியவில்லை.

ஆனால் மாத்திரை வந்துவிட்டது. அமெரிக்க மருத்துவர் ஜான் சீக்லர் 1954இல் வியன்னாவில் நடந்த உலக பளுதூக்கும் போட்டிக்குப் போயிருந்தபோது, சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பினார். 1958இல் சீபா கம்பெனி டயனபால் என்ற மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சீக்லர் அதை யார்க் நகரத்துப் பளுதூக்குகிறவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். வாயால் சாப்பிட்டும் ஈரலில் சிதையாமலிருக்க மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்திருந்தார்கள். அதே சேர்க்கைதான் ஈரலுக்கு நஞ்சு. டாக்டர் சொன்ன அளவைப்போலப் பல மடங்கை வீரர்கள் விழுங்கினார்கள். கடைசிக் காலத்தில் சீக்லர் தான் தொடங்கிவைத்ததை நினைத்து வருந்தினார். 1983இல் இறந்தார். பனிப்போரில் அணுகுண்டைப்போலவே தசையும் ஒரு பந்தயப் பொருள் ஆகியிருந்தது.

6

அந்தப் பந்தயத்தின் மறுபக்கம் கிழக்கு ஜெர்மனி. இதைப்பற்றி எழுதும்போது இடதுசாரி வாசகர்களில் சிலருக்கு மனசு சுருங்கும் என்று தெரியும். எனக்கும் சுருங்கியது. முதலாளித்துவக் கம்பெனியைத் திட்ட எளிது. மக்கள் பெயரால் நடந்த அரசு தன் மக்களின் பெண்பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று பார்க்காமல் தாண்டிப்போனால் நம் விமர்சனத்துக்கு அர்த்தம் இல்லை.

யேனா நகரத்து அரசு மருந்து நிறுவனமான யேனாஃபார்ம், டயனபாலின் மூலக்கூறில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்து ஓரல்-டூரினபால் என்ற மாத்திரையைச் செய்தது. நீல நிறம். 1974இல் ‘அரசுத் திட்டம் 14.25’ என்ற பெயரில் விளையாட்டு வீரர்களுக்கு இது முறைப்படி, ரகசியமாக, அட்டவணை போட்டுக் கொடுக்கப்பட்டது. பல பிள்ளைகளுக்கு விட்டமின் என்றே சொல்லப்பட்டது. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலில் 13 தங்கத்தில் 11 அந்த நாட்டுக்கு. சுமார் பத்தாயிரம் பேர் இந்தத் திட்டத்துக்குள் வந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

மருந்தின் பலன் பெண்ணுடம்பில்தான் அதிகம் தெரியும் என்று அவர்களுடைய விஞ்ஞானிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஏன்? பெண்ணிடம் இயல்பாக இந்த ஹார்மோன் குறைவு, ஆகவே கொடுத்த ஒவ்வொரு மில்லிகிராமும் பேசும். தசையாகவும் பேசும், கட்டைக் குரலாகவும் பேசும், முகத்து மயிராகவும் பேசும். பிரிக்க முடியாதது பிரிக்க முடியாததாகவே வெளியே வந்தது. அவர்கள் பார்த்தார்கள், குறித்துவைத்தார்கள், தொடர்ந்தார்கள். ராணுவ மருத்துவக் கழகத்திலிருந்து அந்தக் குறிப்புகளை மீட்டு, முன்னாள் வட்டெறிதல் வீராங்கனை பிரிகிட்டே பெரண்டாங்கும் அவர் கணவர் வெர்னர் ஃப்ராங்கவும் 1991இல் உலகத்துக்குக் காட்டினார்கள்.

ஹைடி கிரீகர் 1986இல் ஸ்டுட்கார்ட்டில் குண்டு எறிதலில் ஐரோப்பிய சாம்பியன். பதினாறு வயதிலிருந்து அந்த நீல மாத்திரை. 1997இல் பால்மாற்று சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் கிரீகர் ஆனார். 2000இல் பெர்லினில் விளையாட்டுத் தலைவர் மான்ஃப்ரெட் ஏவால்டும் மருத்துவர் மான்ஃப்ரெட் ஹெப்னரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஏவால்டுக்கு 22 மாதம், ஹெப்னருக்கு 18 மாதம், இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. வழக்கில் சாட்சி சொன்னவர்களில் ஆண்ட்ரியாஸும் ஒருவர். தன் பால் எது என்று தானே கண்டுபிடிக்கிற உரிமையைத் தன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். கவனியுங்கள். ஆணானதைப் பற்றி அவர் புகார் சொல்லவில்லை. தன்னைக் கேட்காமல் தன் உடம்பில் ஒரு முடிவை எழுதினார்கள் என்கிறார். இந்த வித்தியாசத்தை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஊக்கமருந்துக்கு எதிரான பேச்சு திருநர்களுக்கு எதிரான பேச்சாகச் சட்டென்று சரிந்துவிடும்.

7

திருட்டைப் பிடிக்க வந்த சோதனையும் ஒரு விகிதத்தில்தான் நின்றது. உடம்பு டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இரட்டைப் பிறவி ஒன்றையும் சுரக்கிறது. ஒரே அணுக்கள், ஒரு முனை மட்டும் திரும்பியிருக்கும், தசைக்கு அதனால் பயன் இல்லை. பெரும்பாலோர் சிறுநீரில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் தராசு சாயும். மேற்கு ஜெர்மன் வேதியியலாளர் மான்ஃப்ரெட் டோனிகே 1980களின் தொடக்கத்தில் இதை வைத்துச் சோதனை வகுத்தார். ஆறுக்கு ஒன்று தாண்டினால் குற்றம். 2005இல் அது நாலுக்கு ஒன்றாகக் குறைந்தது.

பிரித்து அளந்தால் சேர்த்து ஏமாற்றலாமே! கிழக்கு ஜெர்மன் விஞ்ஞானிகள் எபிடெஸ்டோஸ்டிரோனையும் செய்து கூடவே ஏற்றினார்கள். தராசு நேராயிற்று. 2003இல் கலிபோர்னியாவில் அம்பலமான பால்கோ விவகாரத்தில் ‘தி கிரீம்’ என்று புழங்கியதும் இதே சேர்க்கைதான், தோலில் தடவும் களிம்பாக. சோஷலிச அரசின் ரகசியத் திட்டமும் தனியார் ஊட்டச்சத்துக் கம்பெனியும் ஒரே கலவையில் வந்து சந்தித்தன.

1990களில் வேறொரு சோதனை வந்தது. செயற்கை டெஸ்டோஸ்டிரோன் தாவரத்திலிருந்து வருகிறது. தாவரத்தின் கார்பன் அணுக்களில் கனமானவற்றின் பங்கு, கலந்து உண்ணும் மனித உடம்பின் கார்பனிலிருந்து சற்று மாறுபடும். அந்த வித்தியாசத்தை அளந்தால் போதும், எபிடெஸ்டோஸ்டிரோன் காப்பாற்றாது. அழிந்துவிட்டதாக நாம் நினைத்த மண்ணின் அடையாளம் சாம்பியனின் மூத்திரத்தில் வந்து நிற்கிறது.

மூலக்கூறில் தோற்ற பிரித்தல் மனிதர்கள் மேல் திரும்பியது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண், பாலினச் சோதனையின் பேரில் பதக்கத்தை இழந்தார். எந்த மருந்தும் அவர் எடுக்கவில்லை, ஏமாற்றவில்லை. 2011இல் உலகத் தடகள அமைப்பு பெண்ணுக்கு இவ்வளவுதான் டெஸ்டோஸ்டிரோன் என்று ரத்தத்தில் கோடு கிழித்தது. 2014இல் ஒடிசாவின் தூத்தீ சந்த் அந்தக் கோட்டால் நிறுத்தப்பட்டு, வழக்காடி, 2015இல் விதியை நிறுத்திவைக்கச் செய்தார். 2018இல் புதுக் கோடு, 2023இல் இன்னும் கீழே. 2025இல் கோடு ரத்தத்திலிருந்து மரபணுவுக்கு நகர்ந்தது. கிழக்கு ஜெர்மனி பெண்களுக்கு ஹார்மோனை ஏற்றியது. இங்கே சுரந்ததற்காகப் பெண்களை இறக்கினார்கள். இரண்டிலும் உடம்புக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை.

8

கடைசியாக, டப்பாக்கள். 1994இல் அமெரிக்கா ஊட்டச்சத்துப் பொருள்களுக்கென்று ஒரு தளர்வான சட்டம் போட்டது. விற்பதற்கு முன் பாதுகாப்பானது என்று நிரூபிக்கத் தேவையில்லை. அதன் ஓட்டை வழியாக, உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய ஆண்ட்ரோஸ்டின்டையோன் போன்றவை ‘சத்து’ என்ற பெயரில் கடைக்கு வந்தன. 2004இல்தான் அதற்குத் தடை வந்தது. 2000-2001இல் கோல்ன் நகர ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தது. ஹார்மோன் என்று லேபிளில் சொல்லாதவை அத்தனையும். அவற்றில் 94இல் ஹார்மோன் பொருள்கள் இருந்தன. குப்பியில் நாலு பெயராவது போட்டிருந்தது. டப்பாவில் அதுவும் இல்லை.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மார்பில் ஒருமுறை இறுகிவிட்ட சதை தானாகக் கரையாது. தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் மருந்திலேயே சரியாகியிருக்க வாய்ப்பு உண்டு. வெட்கத்தில் இரண்டு வருஷம் மறைத்து, கடைசியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டான். அதற்கு வட்டிக்குக் கடன். ‘இளைஞர்களே, கெட்ட பழக்கத்தை விடுங்கள்’ என்கிற உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூலிக்கு விற்க உடம்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவன் அந்த உடம்பைக் கொஞ்சம் ஏற்றி விற்கப் பார்க்கிறான். அவனைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

போன மாதம் அவனைப் பார்த்தபோது இந்தக் குதிரை மூத்திரக் கதையைச் சொன்னேன். ஆம்பள ஹார்மோனிலிருந்துதான் உடம்பு பொம்பள ஹார்மோனைச் செய்துகொள்கிறது, அது எல்லா ஆண் உடம்பிலும் தினமும் நடக்கிறது, உன் உடம்பு தப்பாக எதுவும் செய்யவில்லை, கொடுத்த சரக்கு அதிகம், அவ்வளவுதான் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “இத அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா டாக்டராண்ட போயிருப்பேண்ணா” என்றான்.

அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன்.